எதிர்ப்பதா, இணங்குவதா?
சுயராஜ்யக் கட்சியின் வரலாற்றை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களுக்குள் நடந்த வாதப்போட்டி ஒன்றில், "அரசியற் கட்சி தன் எதிரிகளை எதிர்த்து நிற்பதே சிறந்தது" என்பது தலைப்பு. எதிர்ப்பின் பக்கம் பேசிப் பரிசு பெற்றவர்களுள் நானும் ஒருவன். அண்மையில் இளம் ஆசிரியர்களின் வட்டாரக் கூட்டத்துக்கு அதே தலைப்பைக் கொடுக்க எண்ணினேன். எழுதப் போன கை தயங்கிற்று. எந்த எதிரியை? அவன் கையில் இருப்பது என்ன? நாம் ஓங்கும் அடி யார்மேல் விழும்? இவற்றைக் கேளாமல் எதிர்ப்பு நன்றா, இணக்கம் நன்றா என்று வாதிடுவது, நோயைச் சொல்லாமல் மருந்தைக் கேட்பது போன்றதாகும். இவ்வினாக்களுக்குச் சோதனைக் களமாக அமைந்தது 1920-களில் இந்தியாவில் தோன்றிய சுயராஜ்யக் கட்சியின் வரலாறு.

1919-ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய மாகாணங்களுக்கு இரட்டையாட்சி என்னும் ஏற்பாட்டைத் தந்தது. போலீசு, நிலவரி, நிதி போன்றவை கவர்னரும் அவருடைய நிருவாக சபையாரும் தம்மிடமே வைத்துக்கொண்ட துறைகள். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, விவசாயம் முதலியன சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிகளிடம் மாற்றிக் கொடுத்த துறைகள். இப்பிரிவினையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. 1920-இல் நடந்த முதல் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி மந்திரிசபை அமைத்தது.

1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் போலீசார் கொல்லப்படவே, காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திவிட்டார். மார்ச்சில் அவரே சிறை புகுந்தார். இனிச் செய்வது என்ன என்று தொண்டர்கள் திகைத்து நின்ற வேளையில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் ஒரு வழி சொன்னார். வெளியே நிற்பதால் சட்டசபைகள் நின்றுவிடவில்லை. ஆகவே உள்ளே புகுந்து அவற்றை நடவாமற் செய்ய வேண்டும் என்பது அவ்வழி. அவ்வாண்டு டிசம்பரில் கயாவில் கூடிய காங்கிரசுக்கு அவரே தலைவர். எதிர்ப்பக்கத்தில் முன்னின்றவர் இராஜாஜி. சட்டசபைக்குள் போனவர்கள் அதன் சுவையில் தோய்ந்து நிருமாணத் தொண்டை மறந்துவிடுவார்கள் என்பது 'மாறுதல் வேண்டாதார்' எனப்பட்ட அப்பக்கத்தாரின் அச்சம். தமிழ்நாட்டில் ஈ. வெ. ராமசாமி அவர்களும் அந்தப் பக்கமே. சட்டசபைப் பிரவேசத்தை ஆதரித்தவர்கள் எஸ். சீனிவாச ஐயங்கார், சத்தியமூர்த்தி முதலானோர். வாக்கெடுப்பில் தாஸின் கொள்கை ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் தோற்றது. அவர் தலைமைப் பதவியை விட்டு விலகி, 1923 ஜனவரி முதல் நாள் மோதிலால் நேருவுடன் சேர்ந்து காங்கிரசுக்குள்ளேயே சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார்.

1923 நவம்பரில் தேர்தல் நடந்தது. மத்திய சட்டசபையில் கட்சிக்கு 40-க்கு மேற்பட்ட இடங்கள் கிடைத்தன; மத்திய மாகாணத்தில் தனிப் பெரும்பான்மையே கிடைத்தது. அங்கே 1924-இல் அவர்கள் செய்த காரியம் இன்றும் படிப்பவர்க்கு நகை விளைவிக்கும். மந்திரிகளின் சம்பளத்தை ஆண்டுக்கு இரண்டு ரூபாய் என்று குறைத்துவிட்டார்கள்! மந்திரிகள் விலகினர், இரட்டையாட்சி அம்மாகாணத்தில் செயலற்றுப் போயிற்று. வங்காளத்திலும் மந்திரிகளின் சம்பளம் மறுக்கப்பட்டு அதே நிலை ஏற்பட்டது. எதிர்ப்பு என்ற அளவில் இது முழு வெற்றி.

ஆனால் அடி விழுந்த இடம் எது? சட்டசபை போலீசுக்கான பணத்தை மறுத்தால் கவர்னர் தம் தனியதிகாரத்தால் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். மத்தியிலும் நிதி மசோதாவைச் சபை தள்ளியபோது வைசிராய் தம் சான்றினால் அதை நிறைவேற்றிக்கொண்டார். சட்டசபையின் வாக்கு உண்மையாகவே வெட்டக்கூடியது மந்திரிகளின் துறைகளைத்தான். அதாவது பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும். மந்திரிகள் போனபின் அத்துறைகளும் கவர்னரிடமே போய்ச் சேர்ந்தன. எதிரியின் கை ஒடியவில்லை. அந்தக் கையில் இன்னும் சில துறைகள் ஏறின.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பள்ளி ஒன்றின் நினைவு வரும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இரு பிரிவினர்க்குள் பூசல். புதிய நிருவாகத்தைப் பணிய வைக்க, பழைய பொருளாளர் காசோலையில் ஒப்பமிட மறுத்தார். நிருவாகத்துக்கு ஒன்றும் நேரவில்லை. பிள்ளைகளின் பேருந்துக் கட்டணம் மட்டும் இரண்டு மாதம் நின்றது. மறுத்தவர் கெட்டவரல்லர், அவர் கைக்கு எட்டியது அந்த ஒப்பம் ஒன்றே.

இத்தனை கடுமை காட்டிய தாஸ், வேறொரு திசையில் எவ்வளவு இணக்கமாக நடந்தார் என்பதை எடுத்துரைப்போர் குறைவு. வங்காள மக்களுள் பாதிக்கு மேற்பட்டவர் முஸ்லிம்கள். அரசாங்கப் பணிகளிலோ அவர்கள் பங்கு மிகச் சிறிது. 1923 டிசம்பரில் தாஸ் அவர்களுடைய தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். சட்டசபையில் மக்கள் தொகைக்கேற்ற இடங்கள், உள்ளாட்சி மன்றங்களில் பெரும்பான்மையோருக்கு 60, சிறுபான்மையோருக்கு 40 என்ற பங்கீடு, அரசாங்கப் பணிகளில் முஸ்லிம்களுக்கு நூற்றுக்கு 55 ஆகியவை அதன் உறுப்புகள். மசூதிக்கு முன்னே இசை முழக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. தம்மவரே தம்மைத் தூற்றுவார்கள் என்று தெரிந்தே அவர் இதைச் செய்தார். அதே மாதம் காக்கிநாடாவில் கூடிய காங்கிரஸ் அவ்வொப்பந்தத்தை ஏற்க மறுத்தது. தாஸ் விட்டுவிடவில்லை, 1924-இல் சிராஜ்கஞ்சில் கூடிய மாகாண மாநாட்டில் அதற்கு ஒப்புதல் பெற்றார். அவ்வாண்டு கல்கத்தா நகராட்சியைக் கட்சி கைப்பற்றியபோது தாஸ் மேயரானார்; துணை மேயர் சுஹ்ராவர்தி.

வெள்ளையரிடம் வளையாதவர் முஸ்லிம் தலைவர்களிடம் வளைந்தது முரண்பாடா? அன்று என்பதே என் துணிபு. முன்னவர் கையில் இருந்தது பறித்து வைத்துக்கொண்ட அதிகாரம். பின்னவர் கேட்டது தமக்குரிய பங்கு. பங்கு கேட்பவனை எதிரியாக்கிக்கொள்பவன், பறித்தவனுக்கே துணை சேர்க்கிறான். வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வைத்திருப்பதை வகுப்பில் விளக்கும்போது தாஸை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

காங்கிரசுக்குள் இருந்த எதிரிகளோடும் இவ்வாறே முடிந்தது. 1924 பிப்ரவரியில் விடுதலையான காந்தியடிகள் சட்டசபைப் பிரவேசத்தை உடன்படவில்லை. ஜூன் மாதம் ஆமதாபாத்தில் இரு சாராருக்கும் கடும் மோதல். அக்டோபரில் வங்காளத்தில் அவசரச் சட்டம் பிறந்து, சுபாஷ் சந்திர போஸ் உட்படப் பலர் கைதானார்கள். காந்தியடிகள் தம் கொள்கையைக் கைவிடாமலே நவம்பரில் தாஸ், மோதிலால் இருவரோடும் உடன்பாடு செய்துகொண்டார். சட்டசபைப் பணியைக் காங்கிரசின் சார்பில் சுயராஜ்யக் கட்சி நடத்த வழி பிறந்தது. இணங்குதல் வேறு, பணிதல் வேறு என்று தமிழ் பிரித்துச் சொல்கிறதல்லவா? இது இணங்குதல்.

1925 ஜூனில் தாஸ் மறைந்தார். அடுத்த ஆண்டே கிருஷ்ணநகர் மாநாட்டில் வங்காள ஒப்பந்தம் கைவிடப்பட்டது. கட்சிக்குள்ளும் குழப்பம் புகுந்தது. 1925 ஆகஸ்டில் விட்டல்பாய் படேல் மத்திய சட்டசபைத் தலைவரானார். அக்டோபரில் மத்திய மாகாணத்தின் தாம்பே கவர்னரின் நிருவாக சபையில் பதவி ஏற்றார். முன்னது சரியென்றால் பின்னது மட்டும் தவறா என்று கேல்கரும் ஜயகரும் வாதிட்டார்கள். கேள்வி கூர்மையானதே. ஆயினும் படேலைத் தேர்ந்தெடுத்தவர்கள் உறுப்பினர்கள். தாம்பேயை அமர்த்தியவர்கள் ஆட்சியாளர்கள். யார் கொடுத்த நாற்காலி என்பது சிறு வேறுபாடன்று.

சென்னையில் நடந்தது வேறு வகை. 1926 தேர்தலில் 98 இடங்களில் சுயராஜ்யக் கட்சி 41 பெற்று முதலிடத்தில் நின்றது, நீதிக்கட்சிக்கு 21. கவர்னர் அழைத்தும் அவர்கள் மந்திரிசபை அமைக்கவில்லை. கட்சி சாராத டாக்டர் சுப்பராயன் முதல் மந்திரியானார். சுயராஜ்யக் கட்சியார் அம்மந்திரிசபையில் சேரவுமில்லை. மத்திய மாகாணத்தைப் போல் அதை வீழ்த்தவுமில்லை. நீதிக்கட்சி மீண்டும் வரக்கூடாது என்பதே அவர்களுடைய கவலை போலும். 1928-இல் சைமன் கமிஷனைப் பற்றிய பூசலில் அரங்கநாத முதலியார், ஆரோக்கியசாமி முதலியார் என்னும் இரு மந்திரிகள் விலகினர். சுப்பராயன் நீதிக்கட்சியின் ஆதரவைப் பெற்றுப் பதவியில் நீடித்தார்; புதிதாக வந்த முத்தையா முதலியார் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 21 இடம் பெற்ற கட்சி இணங்கித் தன் நெடுநாள் கோரிக்கையைப் பெற்றது. 41 இடம் பெற்ற கட்சிக்கு எதிர்த்த புகழும் இல்லை, இணங்கிய பயனும் இல்லை.

1937-இல் காங்கிரஸ் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159-ஐ வென்றது. கயாவில் சட்டசபையே வேண்டாமென்ற இராஜாஜி, ஜூலையில் பிரதம மந்திரியானார். பதவி ஏற்குமுன், கவர்னர் தம் தனியதிகாரத்தைக் கொண்டு அன்றாட ஆட்சியில் தலையிடலாகாது என்று காங்கிரஸ் மூன்று மாதம் காத்திருந்து வாதாடியது. அந்த நிதானத்தைப் பாராட்டவே வேண்டும். இணங்குமுன் விலை பேசினார்கள்.

தம்மை எதிர்த்தவர்களிடம் அந்த நிதானம் காணப்படவில்லை. 1938-இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயமாயிற்று. மறியல் செய்தவர்கள்மேல் ஏவப்பட்டது 1932-ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டம். காங்கிரசின் சட்டமறுப்பை ஒடுக்க ஆங்கிலேயர் செய்துவைத்த அதே சட்டம். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை சென்றார்கள். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939-இல் சிறைவாசத்தின்போது உயிர் நீத்தனர். அக்டோபரில், போரை முன்னிட்டு மந்திரிசபை விலகிற்று. கட்டாய இந்தி 1940 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. நீக்கியவர் ஆங்கிலேயக் கவர்னராகிய எர்ஸ்கின்.