வென்றவரின் கடன் பாக்கி

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் வென்றது. ஆனால் அந்த வெற்றிக்குக் கைமுதல் பெரும்பாலும் கரைந்துபோனது. வெளிநாட்டு முதலீடுகளில் கணிசமான பகுதி போரின்போதே விலைபோயிற்று. ஏற்றுமதி போருக்கு முந்தைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. உணவும் தளவாடமும் அமெரிக்காவின் 'கடன்-குத்தகை' ஏற்பாட்டில்தான் வந்துகொண்டிருந்தன. ஜப்பான் சரணடைந்த சில நாட்களிலேயே, 1945 ஆகஸ்டில், அதிபர் ட்ரூமன் அதை நிறுத்திவிட்டார்.

உதவி கேட்டு வாஷிங்டன் போனவர் பொருளியல் மேதை ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். நன்கொடையாகவோ வட்டியில்லாமலோ கிடைக்கும் என்று நம்பிப் போனவருக்குக் கிடைத்தது, 2 சதவீத வட்டியில் 375 கோடி டாலர் கடன். வட்டியைவிட நிபந்தனைதான் கடுமையாக இருந்தது. பிற நாடுகள் வியாபாரத்தில் ஈட்டும் பவுண்டை, கேட்டால் டாலராக மாற்றித் தர வேண்டும். 1947 ஜூலை 15-இல் இது நடைமுறைக்கு வந்ததும் எல்லாரும் டாலருக்கு முண்டியடித்தார்கள். ஐந்தே வாரங்களில் பிரிட்டன் அதை நிறுத்திவைத்தது. போர்க்காலத்தில்கூட ரேஷனுக்கு வராத ரொட்டி, 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்திருந்தது. வென்ற நாட்டின் அடுப்படி நிலைமை இதுதான்.

பிரிட்டனுக்குக் கடன் கொடுத்தவர் இன்னொருவரும் உண்டு: இந்தியா. போருக்காக இங்கே வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் பிரிட்டன் ரொக்கம் தராமல், லண்டனில் பவுண்டுக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டே போனது. போர் முடிந்தபோது பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு. அதற்கான விலையை, ஏறிய விலைவாசியாக இந்திய மக்கள் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். பன்னாட்டு நிதியத்தை அமைப்பதற்காக 1944-இல் கூடிய பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழு (கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அதில் இருந்தார்) இந்தப் பாக்கிக்கு அந்த நிதியத்தின் மூலம் வழி காணச் சொன்னது. மாநாடு இசையவில்லை.

1947 பிப்ரவரி 20-இல் பிரதமர் அட்லி, அடுத்த ஆண்டு ஜூனுக்குள் இந்தியாவை விட்டு வெளியேறுவதாக அறிவித்தார். மறுநாளே, கிரீசுக்கும் துருக்கிக்கும் இனி உதவ முடியாது என்ற தகவல் அமெரிக்காவுக்குப் போனது. மார்ச் 12-இல் ட்ரூமன் அவ்விரு நாடுகளுக்கும் 40 கோடி டாலர் கேட்டுத் தன் நாடாளுமன்றத்தில் பேசினார். உலகத் தலைமை கைமாறியதற்கு ஒரு தேதி குறிக்க வேண்டுமானால் இதையே குறிக்கலாம். லண்டனில் பலர் அதை உணர இன்னும் 9 ஆண்டுகள் ஆயின.

1956-இல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அதை மீட்க நவம்பர் 5-இல் பிரிட்டனும் பிரான்சும் படையிறக்கின. பவுண்டு சரிந்தது. முட்டுக்கொடுக்கப் பன்னாட்டு நிதியத்தின் பணம் தேவைப்பட்டது. போரை நிறுத்தாமல் அதற்கு ஒப்புக்கொள்ள அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் அரசு மறுத்தது. மறுநாள் நள்ளிரவில் சண்டை நின்றது. களத்தில் பிரிட்டிஷ் படை தோற்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். அதே ஆண்டு திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடா ஆகிய இடங்களிலிருந்தும் 1971-க்குள் படைகளைத் திரும்பப் பெறும் முடிவை, 1968 ஜனவரியில் பிரதமர் வில்சனின் அரசு அறிவித்தது.