ஜாடியில் இருக்கும் ஆண்டு யாருடையது?

இங்கிலாந்தின் சண்டர்லாந்து ஊரில் 19ஆம் நூற்றாண்டில் செய்த பீங்கான் ஜாடிகளில் ஒரு பாலம் ஓயாமல் வரும். வியர் ஆற்றின் குறுக்கே ஒரே வளைவாக 236 அடிக்குப் போட்ட இரும்புப் பாலம் அது. படத்தோடு ரோலண்ட் பர்டன் என்ற எம்.பி. 1793இல் அடிக்கல் நாட்டியதும், 1796இல் பாலம் திறந்ததும் எழுதியிருக்கும். ஜாடியைச் சுற்றி இளஞ்சிவப்புத் திட்டுகள் மினுங்கும். தங்கக் கரைசலைப் பூசிச் சுட்டால் வரும் நிறம் அது.

"1796 ஜாடி!" என்று துள்ளிவிடக் கூடாது. அது பாலத்தின் வயது. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் எடுத்து, ஜாடியில் ஒட்டி அச்சேற்றுவார்கள். தகடு தேயும்வரை எத்தனை ஜாடிக்கும் ஆகும். ஒரு பட்டறை மூடினால் இன்னொரு பட்டறை அதை வாங்கிக்கொள்ளும். அரை நூற்றாண்டு கழித்தும் 1796 என்றே அச்சானது இப்படித்தான். படத்தை மட்டும் வைத்துப் பட்டறையைச் சொல்வதும் அபாயம்.

சசெக்ஸ் பகுதிக் குயவர்கள் வேறு மாதிரி. அச்சகத்து ஈய எழுத்துகளை ஈரம் முழுதும் காயாத களிமண்ணில் அழுத்தி, அந்தப் பள்ளத்தில் வெள்ளைக் களிமண் குழம்பை நிரப்புவார்கள். சுட்டபின் பழுப்பு ஜாடியில் வெளிர் எழுத்து பளிச்சென்று நிற்கும். சொல்லிச் செய்வித்தவை என்பதால் இவற்றின் ஆண்டைப் பெரும்பாலும் நம்பலாம். பெயரைத்தான் நம்பக் கூடாது: நம் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுவதுபோல, அது உரிமையாளர் பெயர், குயவர் பெயரல்ல.

ஆகவே கவிழ்த்து அடியைப் பாருங்கள். சாய்சதுர முத்திரை இருந்தால், வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையே பதிவானது. உச்சியில் உள்ள ரோமன் நான்கு, மண்பாண்ட வகை என்பதற்கு அடையாளம். ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையில். அடுத்த ஆண்டிலிருந்து வலப்பக்கம். இதுவும் பதிவுத் தேதிதான். பண்டம் பிந்தியதாக இருக்கலாம். 1884 முதல் வெறும் பதிவு எண்.

'இங்கிலாந்து' என்ற நாட்டுப் பெயர் அடியில் இருந்தால் இன்னும் எளிது. இறக்குமதிப் பொருளில் நாட்டுப் பெயர் வேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சட்டம் சொன்னது. 1891 முதல் அந்தப் பெயர் பரவலானது. மேலே 1796, கீழே இங்கிலாந்து என்றிருக்கும் ஜாடிக்கு 18ஆம் நூற்றாண்டு விலை கொடுத்துவிடாதீர்கள்.