விசைப்பலகையும் வடிவமைப்பாளர் நெறியும்

கணினியையும் கையடக்கத் தொலைபேசியையும் மக்கள் இடர்ப்பாடின்றிக் கையாளுமாறு அமைப்பதே இடைமுக வடிவமைப்பாகும். பெயர் புதிதாயினும் தொழில் பழையது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து, 1907இல் மலாயா சென்ற இரா. முத்தையா அவர்கள் இந்நெறியில் நம்மவர்க்கு முன்னோடியாவார்.

சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றில் பணியாற்றிய அவர், ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் பயனை நன்கறிந்தவர். 26 எழுத்துடைய மொழிக்கென அமைந்த பொறியில் தமிழின் 247 எழுத்துக்களை அடக்குவது எங்ஙனம்? பல எழுத்துக்களுக்கும் பொதுவான குறிகளைப் பிரித்துத் தனி விசைகளில் அமைத்தார். மெய்யின்மேல் புள்ளி விழவேண்டுமன்றோ? அதன்பொருட்டு, அழுத்தினும் தாள் நகராத விசைகளை வகுத்தார். முதலிற் புள்ளி பதியும். பின்னர் அதே இடத்தில் எழுத்துப் பதிந்து தாள் நகரும்.

எழுதுங்கால் பின்வரும் புள்ளி, தட்டுங்கால் முன்வந்தது. பொறிக்கேற்பக் கை பழகவேண்டியதாயிற்று. இன்றைய கணினியில் அவ்வரிசை கட்டாயமன்று. கைக்கேற்பப் பொறியை அமைத்தல் இயலும்.

ஆதலின், இத்தொழிலை நாடும் அக்குறணை மாணவன், வரைகலையும் மென்பொருளும் கற்பதற்கு முன்னரே, தன்னூர்க் கடையிலும் வங்கியிலும் தமிழில் வழிதேடும் முதியவரின் விரல் எவ்விடத்தில் தயங்குகின்றது என்று நோக்கப் பழகுதல் வேண்டும்.