குளவி கட்டிய கூடும் வேகமானி சொன்ன பொய்யும்

மழை ஓய்ந்த ஒரு மாலையில், திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தின் முன்னிருக்கையில் அமர்ந்து பயணம் செய்திருக்கிறீர்களா? விக்கிரவாண்டியை நெருங்கும்போது ஈசல்கள் கூட்டங்கூட்டமாக வந்து முகப்புக் கண்ணாடியில் மோதும். ஓட்டுநர் வைப்பரைப் போட்டாரானால் நிலைமை இன்னும் மோசமாகும். செத்த பூச்சிகளின் பசை கண்ணாடி முழுவதும் பரவிவிடும். பேருந்தை ஓரமாக நிறுத்தித் துடைத்துக்கொள்ளலாம். பறந்துகொண்டிருக்கும் விமானத்தை எங்கே நிறுத்துவது?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. 2020-ஆம் ஆண்டு வட இந்தியாவில் வெட்டுக்கிளிப் படையெடுப்பு நிகழ்ந்தபோது, நமது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விமானிகளுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வைப்பரைப் போடுவதால் கறை மேலும் பரவலாம் என்று அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. நம் பேருந்து ஓட்டுநர்கள் அனுபவத்தில் அறிந்த உண்மைதான்! 2019-இல் கொல்கத்தாவில் ஒரு விமானத்தின் கண்ணாடியைத் தேனீக்கள் மொய்த்துக்கொண்டன. தீயணைப்பு வண்டி தண்ணீரைப் பீய்ச்சியடித்த பிறகே விமானம் கிளம்ப முடிந்தது.

ஆனால் கண்ணாடியில் ஒட்டும் பூச்சி கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிறு துளைக்குள் புகுந்துகொள்ளும் பூச்சிதான் ஆபத்தானது. அப்படிப்பட்ட ஒரு பூச்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

பூட்டுத் துவாரத்தில், சன்னல் சட்டத்தில், பழைய குழாயின் வாயில் ஈரமண்ணைக் குழைத்து அப்பிவைக்கும் குளவியைப் பார்த்திருப்பீர்கள். அது புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கி, கூட்டினுள் வைத்து, முட்டையிட்டு, வாயிலை மண்ணால் அடைத்துவிடும். புழுவே குளவியாக மாறிவிடுகிறது என்று நம் முன்னோர் எண்ணினார்கள். உண்மையில் அந்தப் புழு, பொரித்து வரும் குளவிக்குஞ்சுக்கு உணவு, அவ்வளவே. இத்தகைய குளவிகளுக்கு விரல் நுழையாத அளவுள்ள துளை கிடைத்தால் போதும். விமானத்தில் அப்படியொரு துளை, குளவிக்கென்றே செய்தது போல அமைந்திருக்கிறது. அதன் பெயர் பிட்டோ குழாய்.

1732-இல் ஹென்றி பிட்டோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சீன் நதியின் நீரோட்ட வேகத்தை அளக்க உருவாக்கிய கருவி இது. ஓட்டத்தை எதிர்நோக்கி ஒரு குழாயைப் பிடித்தால் அதற்குள் அழுத்தம் கூடும். விமானத்தில் இக்குழாய் காற்றை எதிர்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். உடற்பகுதியின் பக்கவாட்டில் உள்ள வேறொரு துளை, சுற்றுப்புறக் காற்றின் அழுத்தத்தை மட்டும் அளக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. இந்த வேறுபாட்டைக் கொண்டே வேகமானியின் முள் நகர்கிறது.

மணிக்கு 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் நம் பேருந்தில் இக்குழாயைப் பொருத்தினால் கிடைக்கும் வேறுபாடு 240 பாஸ்கல். நீர்மட்டத்தில் சொன்னால் இரண்டரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. (கணக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டாம்!) இவ்வளவு சிறிய அழுத்தத்தை நம்பித்தான் விமானி பறக்கிறார். இறக்கை விமானத்தைத் தாங்குவதற்குக் காற்றை ஒட்டிய வேகம் வேண்டும். ஜி.பி.எஸ். சொல்வதோ தரையை ஒட்டிய வேகம்.

இப்போது குளவி வருகிறது. தரையில் நிற்கும்போதே குழாயின் வாயும், மழைநீர் வடிவதற்காக அதில் உள்ள சிறு துளையும் அடைபட்டுவிட்டன என்று கொள்வோம். ஓடுபாதையில் விமானம் ஓடுகிறது, முள் அசையவில்லை. விமானி அங்கேயே கவனித்து நிறுத்திவிட்டால் தொல்லையில்லை. கவனிக்காமல் எழும்பினால் விந்தை தொடங்குகிறது. குழாய்க்குள் தரைமட்ட அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. மேலே போகப் போக வெளியழுத்தம் குறைகிறது. வேறுபாடு கூடுகிறது, முள்ளும் ஏறுகிறது! வேகமானி இப்போது உயரமானியாகிவிட்டது.

எவ்வளவு காட்டும்? அழுத்தக் குறைவு என்பது அடர்த்தி, 9.8, உயரம் ஆகிய மூன்றின் பெருக்கல். இதை முன் சொன்ன வாய்பாட்டுடன் சமப்படுத்துங்கள். அடர்த்தி இருபுறமும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது:

வேகம் = √(2 × 9.8 × உயரம்)

இது உங்களுக்குப் பழக்கமான வாய்பாடுதானே? அந்த உயரத்திலிருந்து கீழே போட்ட கல் தரையைத் தொடும்போது பெறும் வேகம்! (அடர்த்தி மாறவில்லை என்று கொண்டோம், சில நூறு மீட்டர் வரை பெரிய பிழை வராது.)

செஸ்னா 172 போன்ற சிறு விமானம் மணிக்கு ஏறத்தாழ 140 கி.மீ. வேகத்தில் மேலேறும். சுமார் 75 மீட்டர் உயரத்தில் பொய்யும் மெய்யும் தற்செயலாக ஒன்றாகிவிடும். விமானி நிம்மதியடைவார். 300 மீட்டரில் முள் மணிக்கு 276 கி.மீ. காட்டும். "ஐயோ, வேகம் மிஞ்சிவிட்டது" என்று அவர் மூக்கை உயர்த்தினால் உண்மை வேகம் குறையும். மணிக்கு 90 கி.மீ.க்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது.

பெரிய விமானங்களும் இதற்கு விலக்கல்ல. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்பிய போயிங் 757 இப்படித்தான் கடலில் வீழ்ந்தது. தலைமை விமானியின் வேகமானி ஓடுபாதையிலேயே வேலை செய்யவில்லை. அவர் அதை உணர்ந்தும் பயணத்தைத் தொடர்ந்தார். 189 பேரும் மாண்டனர். பிட்டோ குழாய்கள் கடலிலிருந்து கிடைக்கவில்லை. எனினும், மூடியிடாமல் நின்றிருந்த குழாயைப் பூச்சிகள் அடைத்திருக்கக்கூடும் என்பதே விசாரணையின் முடிவு. 2013-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஏர்பஸ் ஏ330 ஒன்று தரையில் நின்ற இரண்டு மணி நேரத்துக்குள் குளவி தன் வேலையைக் காட்டிவிட்டது. அந்த விமானம் பத்திரமாகத் திரும்பி வந்தது.

பரிகாரம் எளியது: விமானம் நின்றவுடன் குழாய்க்கு உறை மாட்டுவது. கிளம்பும்போது மறக்காமலிருக்க உறையில் நீளமான சிவப்பு நாடா தொங்கும். அதையும் மறப்பவர் உண்டு. 2018-இல் அதே பிரிஸ்பேனில் குளவிக்குப் பயந்து மாட்டிய உறைகளுடனேயே ஒரு விமானம் வானில் ஏறிவிட்டது! அதுவும் நல்லவேளையாகப் பத்திரமாக இறங்கியது.

அடைப்பை வாயால் ஊதித் தள்ளலாமே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கூடாது. பலமாக ஊதினால் 5000 பாஸ்கல் அழுத்தம் எளிதில் வந்துவிடும். அது மணிக்கு 325 கி.மீ. வேகத்துக்கும் மேல், செஸ்னா ஒருபோதும் தாண்டக்கூடாத வேகத்தையே விஞ்சியது. கருவி கெடும், மண்ணும் உள்ளே போகும். குழாயைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பெட்ரோல் தொட்டியின் காற்றுத் துளையையும் குளவி விட்டுவைப்பதில்லை. எண்ணெய் டின்னில் ஒரே துளை போட்டுக் கவிழ்த்தால் என்னவாகும்? எண்ணெய் திக்கித் திக்கித்தான் வரும். எஞ்சினுக்கும் அதே கதிதான்.

வானில் இருக்கும்போது வேகமானியின் மேல் சந்தேகம் வந்தால், அனுபவமுள்ள விமானி அதைப் பார்ப்பதை விட்டுவிடுவார். எஞ்சினை இந்த அளவுக்கு வைத்து, மூக்கை இந்தக் கோணத்தில் பிடித்தால் விமானம் இந்த வேகத்தில் பறக்கும் என்பது அவருக்குப் பாடமாகியிருக்கும். அதைக்கொண்டே இறங்கிவிடுவார்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கும்போது குழாய் முழுவதும் அடைபட்டுவிடுகிறது. விமானி அதே வேகத்தில் கீழிறங்குகிறார். எத்தனை மீட்டர் இறங்கியதும் முள் சுழியத்தைத் தொடும்? 130 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக விடை வந்தால் உங்கள் கணக்கு சரி.