கூவி அழைக்கும் குரல்



கூடாரத்தினுள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குக் காசைக் கொடுக்க வைப்பது எது? வாசலில் நின்று கூவுபவனின் குரல்தான். அந்தக் குரலைப் பற்றியும், அதைக் கொண்டே மக்களை விழிப்படையச் செய்த ஒரு கலைஞரைப் பற்றியும் இங்கு பார்ப்போம்.

வாசலில் நின்றவர்

1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதில் 'மிட்வே பிளைசன்ஸ்' எனும் சுமார் ஒரு மைல் நீளமான பகுதி வேடிக்கைக் காட்சிகளுக்கென விடப்பட்டிருந்தது. அதன்பின் ஊர் ஊராகத் திரிந்த கார்னிவல் குழுவினர் தமது காட்சித் தெருவுக்கும் 'மிட்வே' என்றே பெயர் சூட்டிக்கொண்டனர். வாள் விழுங்குபவர், நெருப்பை வாயிலிடுபவர் ஆகியோருடன், உடல் அமைப்பில் வேறுபட்டுப் பிறந்த மனிதர்களையும் அக்கூடாரங்களில் காசுக்குக் காட்டினார்கள் என்பது வேதனைக்குரியது.

ஒவ்வொரு கூடாரத்தின் முன்னாலும் ஒரு சிறு மேடை. அதில் நின்று பேசுபவரின் வேலை மூன்று படிகளைக் கொண்டது. முதலில் இலவசமாக ஒரு சிறு காட்சியைக் காட்டிக் கூட்டத்தைச் சேர்ப்பார். பின்பு, 'உள்ளே இதைவிடப் பெரிய அதிசயம் இருக்கிறது' என ஆசையை மூட்டி, கூட்டத்தை டிக்கட் விற்குமிடத்தை நோக்கித் திருப்புவார். உள்ளே சென்றவர்களிடம் இறுதியில் இன்னுமொரு காட்சி உண்டெனக் கூறி மேலதிகக் காசும் வாங்கப்படும். இடையில் மூச்சு விடவும் நேரமில்லாதது போல ஒரே தாளத்தில் பேச்சு ஓடிக்கொண்டேயிருக்கும். கேட்பவன் சிந்திக்கத் தொடங்கினால் வியாபாரம் கெட்டுவிடும் அல்லவா?

பொருளில்லாத விற்பனை

கலிபோர்னியாவைச் சேர்ந்த கரகரத்த குரலுடைய பாடகர் டொம் வெயிட்ஸ். 1976இல் வெளிவந்த 'ஸ்மோல் சேஞ்ச்' எனும் இசைத்தட்டில் அவர் 'ஸ்டெப் ரைட் அப்' என்ற ஆக்கத்தைச் சேர்த்தார். 'முன்னே வாருங்கள்' எனக் கூடாரக்காரர் அழைக்கும் அழைப்பே அதன் தலைப்பு. அதனைப் பாட்டென்பதைவிடத் தாளத்தோடு கூடிய பேச்சு என்பதே பொருந்தும்.

அவர் அதை அமைத்த விதம் கவனிக்கத்தக்கது. கூவி விற்பவரின் வேகத்தையும், அடுக்கு மொழியையும், எதுகையையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். வாக்குறுதிக்கு மேல் வாக்குறுதி. வீட்டு வேலை முதல் வாழ்க்கைக் கவலை வரை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பொருள் தீர்வு! ஆனால் அது என்ன பொருள் என்பதை மட்டும் இறுதிவரை சொல்வதேயில்லை. பொருளை நீக்கிவிட்டதால் எஞ்சுவது வெறும் ஆசைகாட்டல். முதலில் சிரிப்பவன் பின்பு, 'நானும் இப்படித்தானே ஏமாந்தேன்' என்று எண்ணிக்கொள்கிறான். இத்தகைய பேச்சை ஆக்க விரும்பும் எவருக்கும் இதுவே பாடமாகும்.

திருடப்பட்ட குரல்

1988இல் பிரிட்டோ-லே எனும் கம்பனி தனது டொரிட்டோஸ் சோளச் சிப்ஸின் புதிய வகையொன்றுக்கு வானொலி விளம்பரம் தயாரித்தது. விற்பனையைப் பரிகசித்த அதே ஆக்கத்தையே அதற்கு மாதிரியாகக் கொண்டார்கள்! வெயிட்ஸ் விளம்பரங்களுக்கு இணங்காதவர் என்பது விளம்பர நிறுவனத்தினருக்குத் தெரியும். எனவே அவரைப் போலவே பாடப் பழகியிருந்த வேறொருவரை அமர்த்தினார்கள். வெயிட்ஸ் இதனை விரும்பமாட்டார் என அந்தப் பாடகரே எச்சரித்தும் விளம்பரம் ஒலிபரப்பாகியது. 250க்கு மேற்பட்ட வானொலி நிலையங்களில் கேட்டது. வெயிட்ஸும் அதைக் கேட்டார். விளம்பரத்தில் தோன்றுவதில்லை எனச் சொல்லி வந்தவர் காசுக்கு விலைபோய்விட்டார் என மக்கள் நினைப்பார்களே என்று மனம் நொந்தார்.

அவர் வழக்குத் தொடர்ந்தார். 1990இல் ஜூரிகள் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். குரலைக் களவாடியமைக்கான நட்டஈடு 375,000 டொலர். தண்டமாக மேலும் 20 இலட்சம் டொலர். அந்த 375,000 எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதைப் பாருங்கள். அவரது சேவையின் சந்தைப் பெறுமதி 100,000. நற்பெயருக்கு நேர்ந்த பாதிப்புக்கு 75,000. மன நிம்மதி குலைந்தமைக்கு 200,000! குரலின் விலையைவிட மனிதனின் மனக்காயமே இருமடங்காக மதிக்கப்பட்டது. வேறொரு சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட 100,000 டொலரை மாத்திரம், ஒரே இழப்புக்கு இருமுறை ஈடு செய்வதாகுமென 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. மற்றவை உறுதி செய்யப்பட்டன.

இன்று ஒருவரின் குரலை நகலெடுக்க இன்னொரு பாடகர் தேவையில்லை, கணினியே செய்துவிடுகிறது. இதனாலேயே அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024இல் மனிதரின் குரலைப் பாதுகாக்கவென ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆக, வெயிட்ஸின் வழக்கு பழங்கதையாகிவிடவில்லை.

நம் வீட்டில்

சகோதரிகளே! கார்னிவல் மேடை இன்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் அதே மூன்று படிகள்தாம்: இலவசமாகக் கொஞ்சம், பின்பு ஆசை, பின்பு மேலதிகக் காசு. பிள்ளை ஒன்றை வாங்கித் தரும்படி அடம்பிடிக்கும்போது அதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். 'அந்த மாமா என்னென்ன சொன்னார்? சாமானைப் பற்றி என்ன சொன்னார்? எதைச் சொல்லாமல் விட்டார்?' வேண்டுமானால் பிள்ளையையே கூவி விற்கச் சொல்லுங்கள். ஒரு வெற்றுப் பெட்டியைக் கையில் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று கூறாமல் அதனை விற்றுக்காட்டட்டும். வீடே சிரிக்கும். அந்த வித்தையைத் தானே செய்து பார்த்த பிள்ளை, அடுத்த முறை விளம்பரத்தைக் கேட்கும்போது பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்றுதான் முதலில் கேட்கும்.