தலைக்கு ஹெல்மெட்... கைக்கு?

"அண்ணா, பைக் புக் பண்ணிட்டேன்!"

போன மாசம் ஒரு நாள் ராத்திரி சித்தப்பா பையன்கிட்ட இருந்து போன். முதல் வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிறான். வீட்டுல பேசாம, சரியா சாப்பிடாம, கடைசியில பாட்டி வரைக்கும் சிபாரிசு பிடிச்சு வாங்கின 200 சி.சி. வண்டி. கலர் என்ன, சைலன்சர் எப்படிக் கத்தும், நம்பர் பிளேட்டுல என்ன எழுதப் போறான் (எதுவும் எழுதக் கூடாதுடா, ஃபைன் போடுவாங்க!) எல்லாத்தையும் மூச்சு விடாமச் சொன்னான்.

"எல்லாம் ஓகே. கியர் வாங்கிட்டியா?"

"வண்டியிலேயே ஆறு கியர் இருக்குண்ணா!"

நான் கேட்டது அந்த கியர் இல்லை. ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸ், முட்டிக்குப் போடுற கார்டு... ரைடிங் கியர். விளக்கிச் சொன்னதும் சிரிச்சான். "காலேஜ் பன்னிரண்டு கிலோமீட்டர்தாண்ணா. லடாக்குக்கா போறேன்?"

நியாயமான கேள்விதான். அவன் வயசுல நானும் இதையேதான் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். எனக்கு ரோடு பதில் சொல்லிச்சு.

நான் அப்போ ரெண்டாவது வருஷம். செகண்ட் ஹேண்ட் 100 சி.சி. வண்டி கைக்கு வந்து சரியா 16 நாள். தாம்பரம் - வேளச்சேரி ரோட்டுல ஒரு திருப்பம். யாரோ வீடு கட்டக் கொட்டின மணல் ரோட்டுல பரவிக் கிடந்தது. 35 கி.மீ. வேகம் இருந்திருக்கும். மணலைப் பார்த்ததும் பதறி முன் பிரேக்கைப் பிடிச்சேன். அவ்வளவுதான்... வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஹெல்மெட்? இருந்துச்சே... முழங்கையில!

விழும்போது மனுஷன் யோசிக்கிறதில்லை. ரெண்டு கையும் தானா முன்னால நீளும். ரெண்டு உள்ளங்கையிலேயும் தோல் சுத்தமா வழண்டு போச்சு. ஆஸ்பத்திரியில நர்ஸ் அக்கா சதைக்குள்ள புகுந்த மணலை ஒவ்வொண்ணா எடுத்தாங்க. விழுந்தப்போகூட அவ்வளவு கத்தலை. அடுத்த மூணு வாரம் ரெண்டு கையும் பேண்டேஜ். பத்தொன்பது வயசுப் பையனுக்கு அம்மா சோறு ஊட்டினாங்க. மத்த விஷயங்களுக்கெல்லாம் அப்பா! இதுக்கு மேல விவரம் வேண்டாம். பேனா பிடிக்க முடியாததால மேத்ஸ் பேப்பர் அரியர்.

ஆனா அந்த ஆஸ்பத்திரியில மனசுல தங்கிப்போனது என் கை இல்லை. நாலு கட்டில் தள்ளி ஒரு பையன். என் வயசுதான் இருக்கும். நண்பனோட வண்டியில பின்னாடி உட்கார்ந்து போயிருக்கான், பக்கத்துத் தெரு வரைக்கும். உடம்புல பெருசா ஒரு காயமும் இல்லை. அவங்கம்மா அவன் பக்கத்துல உட்கார்ந்து, "நான் யாருன்னு சொல்லு கண்ணு... சொல்லு" என்று கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவன் அவங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தான். என் தலை தப்பிச்சது என் புத்திசாலித்தனத்தால இல்லை. நான் விழுந்த இடத்துல பிளாட்பாரக் கல் இல்லை, அவ்வளவுதான்.

சரி, 16 நாள்ல விழுந்தது என் கெட்ட நேரமா? இல்லவே இல்லை பாஸ்!

அமெரிக்காவுல ஹாரி ஹர்ட் என்று ஒரு ஆராய்ச்சியாளர். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துல நடந்த 900 பைக் விபத்துகளை, அந்தந்த இடத்துக்கே போய் அவர் குழு ஆராய்ஞ்சுது. 1981-ல வந்த அந்த அறிக்கையை பைக் உலகத்துல இன்னிக்கும் பேசறாங்க. விபத்துல சிக்கினவங்கள்ல பாதிப்பேருக்கு மேல, அந்த வண்டியை ஓட்ட ஆரம்பிச்சு அஞ்சு மாசம்கூட ஆகலை! பெரும்பாலானவங்க தானா கத்துக்கிட்டவங்க, இல்லேன்னா அண்ணன், நண்பன்கிட்ட கத்துக்கிட்டவங்க. நம்ம ஊர் கதை மாதிரியே இல்ல?

இன்னொரு விஷயம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 150-ல பறக்கறவன்தானே சாகறான்னு நாம நினைக்கிறோம். அந்த 900 விபத்துகளை வரிசைப்படுத்தினா, நடுவுல நிக்கிற வண்டியோட வேகம் விபத்துக்கு முன்னாடி மணிக்கு சுமார் 48 கி.மீ. மோதின நொடியில சுமார் 35. காலேஜுக்கு லேட்டாப் போறப்ப நாம போற வேகம்தான்!

ஆக, வண்டி நமக்குப் பழகாத முதல் சில மாசம்தான் டேஞ்சர் ஸோன். ஆனா நம்ம பசங்க என்ன பண்றாங்க? ஓட்டிப் பழகி, நாலு வருஷம் கழிச்சு சம்பளம் வந்து, கோவா ட்ரிப் போறப்போதான் ஜாக்கெட் வாங்கறாங்க. நீச்சல் நல்லா கத்துக்கிட்ட பிறகு டியூப் வாங்கின மாதிரி!

இனி கொஞ்சம் கணக்கு. (மேத்ஸ்ல அரியர் வெச்சவன் சொல்றான்னு ஓடாதீங்க.) மத்திய அரசோட புள்ளிவிவரப்படி 2022-ல் இந்தியச் சாலைகள்ல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல டூவீலர்ல போனவங்க மட்டும் 74,897. ஹெல்மெட் போடாம இறந்தவங்க 50,029. இந்த ஐம்பதாயிரத்துல 14,337 பேர் பின்னாடி உட்கார்ந்து போனவங்க. "நான் சும்மா பின்னாடிதானே உட்கார்றேன்" என்று ஹெல்மெட்டுக்குப் பதிலா ஸ்டோலை முகத்துல சுத்திக்கிற தோழிகளே, உங்களுக்கும் சேர்த்துதான். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில முதலிடம் எந்த மாநிலம் தெரியுமா? நம்ம தமிழ்நாடு, 64,105.

ஹெல்மெட் உயிரைக் காப்பாத்தும் என்பதுல இப்போ சண்டையே இல்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல வந்த ஒரு தொகுப்பு, சாவு வாய்ப்பை 42 சதவிகிதமும், தலைக்காயத்தை 69 சதவிகிதமும் ஹெல்மெட் குறைக்குதுன்னு சொல்லுது. வேகமே இல்லாம நின்ன இடத்துல இருந்து சாய்ஞ்சாலும், ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து தலை தரையைத் தொடும்போது வேகம் கிட்டத்தட்ட 20 கி.மீ. அந்த வேகத்தை உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கி வாங்கிக்குது. மண்டை மெதுவா நிக்குது. ஒருதடவை நசுங்கினது மறுபடி உப்பாது. அதனால பலமா அடிபட்ட ஹெல்மெட்டை பாலீஷ் போட்டு மறுபடி மாட்டாதீங்க. பக்கிளைப் போடாத ஹெல்மெட், விழுந்ததும் நமக்கு முன்னாடி பறந்து போய் ரோட்டுல உருளும். அதுக்கு முழங்கையே பரவாயில்லை!

2015 ஜூலை 1-ல ஹெல்மெட் கட்டாயம்னு ஆனப்போ கடைகள்ல அடிச்ச கூட்டம் ஞாபகம் இருக்கலாம். பாதிப்பேர் வாங்கினது போலீஸுக்காக. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விக்கவே கூடாதுன்னு 2021 ஜூன்ல இருந்து தடை. 2022 அக்டோபர்ல இருந்து ஹெல்மெட் போடாட்டி இங்கே ஆயிரம் ரூபாய் அபராதம். ஆனா சட்டம் நம்ம கழுத்தோட நின்னுடுது. பெல்ஜியத்துல 2011-ல இருந்து கிளவுஸ், முழுக்கை ஜாக்கெட், முழுநீள பேண்ட், கணுக்காலை மூடுற பூட்ஸ் எல்லாமே கட்டாயம். ஃபிரான்ஸ்ல 2016-ல இருந்து கிளவுஸ் கட்டாயம்.

கழுத்துக்குக் கீழ என்ன ஆகும்? 40 கி.மீ.ல விழுந்தா தார் ரோட்டுல சுமார் 9 மீட்டர் தேய்ச்சுக்கிட்டே போவோம். ஒன்றரை வினாடிக்கு மேல. சாதாரண ஜீன்ஸ், சோதனைக்கூட உரசல்ல ஒரு வினாடிகூடத் தாங்கறதில்லை. மிச்ச நேரம் உரசறது நம்ம தோல். டிராக் பேண்ட் இன்னும் மோசம், சூட்டுல உருகி தோலோட ஒட்டிக்கும்.

ஆஸ்திரேலியாவுல விபத்துல சிக்கின 212 பைக் ஓட்டிகளை வெச்சு செய்த ஒரு ஆய்வு 2011-ல வெளியாச்சு. ரைடிங் ஜாக்கெட் போட்டவங்க ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகற வாய்ப்பு 21 சதவிகிதம் குறைவு. பேண்ட் போட்டவங்களுக்கு 51 சதவிகிதம். கிளவுஸ் போட்டவங்களுக்கு? 59 சதவிகிதம்! இருக்கறதுலேயே சின்ன ஐட்டம். என் மூணு வாரப் பேண்டேஜை நினைச்சுக்கிட்டே அந்த எண்ணைப் படிச்சேன். அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு. போட்டிருந்த கிளவுஸ், ஜாக்கெட், பேண்ட்ல நாலுல ஒண்ணுக்கு மேல விபத்துல கிழிஞ்சோ பிரிஞ்சோ போச்சு. பார்க்க ரேஸர் மாதிரி இருந்தா போதாது மாம்ஸ், தையலையும் பார்க்கணும். முழங்கை, தோள்பட்டையில வெறும் ஸ்பாஞ்ச் இருக்கா, சி.இ. முத்திரை போட்ட ஆர்மர் இருக்கான்னு உள்ள கையை விட்டுப் பார்க்கணும்.

"வெயில்ல வெந்துடுவேன்!"

இதைச் சொல்றவங்களைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரலை. மே மாசம் வேலூர்லயோ திருச்சியிலயோ மதியம் சிக்னல்ல முழு செட்டோட நின்னு பாருங்க. மூளை உருகும். உடம்பு சூடேறினா கவனமும் சிதறும், அதுவும் ஆபத்துதான். காத்து புகுற மெஷ் ஜாக்கெட் ஓடும்போது பரவாயில்லை, நின்னா அதுவும் அடுப்புதான். காசு? ஹெல்மெட்ல இருந்து பூட்ஸ் வரை சுமாரான செட் எடுத்தாலே இருபதாயிரம் தாண்டும். வண்டிக்கே அப்பா பி.எஃப்.ல லோன் போட்டிருப்பார். சரி, வாங்கியாச்சு... காலேஜ்ல எங்கே வைக்கிறது? ஹெல்மெட் இல்லாம கேட்டுக்குள்ள விட மாட்டேங்கிற காலேஜ்லகூட, அதை வைக்க ஒரு ரேக் கிடையாது. பார்க்கிங்ல வெச்சா மதியத்துக்குள்ள கால் முளைச்சுடும். இதுக்கு மேல, டீக்கடை வாசல்ல "என்ன மாப்ள, நிலாவுக்கா?" என்று கேக்கற கூட்டம்.

அதனால எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வண்டி பட்ஜெட்டுல பத்துல ஒரு பங்கை முதல் நாளே தனியா எடுத்து வைங்க. அலாய் வீலுக்கும் ஸ்டிக்கருக்கும் போற காசு அதுக்குப் போதும். முதல்ல முகம் முழுக்க மூடுற ஹெல்மெட். அடுத்தது கிளவுஸ், உள்ளங்கையில லெதர் இருக்கறதா. மூணாவது ஷூ. இதுக்குத் தனியாக் காசுகூட வேண்டாம். அந்த ஆஸ்திரேலிய ஆய்வுல, பைக்குக்குன்னு செய்யாத சாதாரண பூட்ஸ்கூட கணுக்கால், பாத அடியைப் பாதிக்கு மேல குறைச்சிருக்கு. என்.சி.சி. பூட்ஸ் பரண்ல கிடந்தா தேடுங்க. செருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். ஜாக்கெட்டை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளலாம். பேண்டும் பூட்ஸும் ஊர் தாண்டற ட்ரிப்புக்கு முன்னாடி கண்டிப்பா.

ஒண்ணு சொல்லிடறேன். லாரி மேல ஏறினா ஜாக்கெட் ஒண்ணும் பண்ணாது. அது தோலுக்கும் மூட்டுக்கும்தான் காவல். கியர் மாட்டினதும் சிலருக்குள்ள ஒரு ஹீரோ எழுந்திரிச்சுடறான். 2023 செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலையில வீலிங் பண்ணப்போய் ஒரு யூடியூபர் தூக்கி எறியப்பட்டாரே... கியரோட விழுந்தவர் கை முறிவோட தப்பிச்சார், பத்து வருஷத்துக்கு லைசென்ஸ் போச்சு. அந்த வீடியோவைப் பார்த்துட்டு செருப்போட வீலிங் ட்ரை பண்றவனை நினைச்சாத்தான் பயமா இருக்கு. 'வலிமை' ஷூட்டிங்ல அஜித் வீலிங் பண்ணி விழற மேக்கிங் வீடியோவையும் நாம விசில் அடிச்சுப் பார்த்தோம். அவர் எழுந்தப்போ உடம்புல என்ன போட்டிருந்தார்னு எத்தனை பேர் கவனிச்சோம்?

சென்னை - பெங்களூரு ஹைவேல ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாடி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கு. அங்கே எல்லா வண்டியும் ஒரே திசையில போகும். எதிர்ல யாரும் வர மாட்டாங்க. நாய் கிடையாது, மாடு கிடையாது, கொட்டின மணல் கிடையாது. ஓரத்துல ஆம்புலன்ஸ் ரெடியா நிக்கும். இவ்வளவு இருந்தும், முதல் தடவை ஓட்டிப் பழக வர்றவனைக்கூட தலை முதல் கால் வரை கியர் இல்லாம உள்ளே விட மாட்டாங்க. அந்த காம்பவுண்டுக்கு வெளியே அதே ஹைவே. ராங் சைடுல டிராக்டர், இண்டிகேட்டர் போடாத பஸ், நடுவுல எருமை... அதுல நாம அரைக்கை டி-ஷர்ட்டும் ஹவாய் செருப்புமா!

இதை அப்படியே போன்ல சித்தப்பா பையன்கிட்ட சொன்னேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லை. தூங்கிட்டானோன்னு நினைச்சேன். போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஜி.பி. ரோட்டுல நின்னோம். சைலன்சருக்குன்னு வெச்சிருந்த காசு அவன் பாக்கெட்டுல. ஹெல்மெட் எடுத்தாச்சு. கிளவுஸை மாட்டி, விரலை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"அண்ணா, இதைப் போட்டா போன் ஸ்கிரீனைத் தொட முடியலையே?"

"ஓட்டும்போது எதுக்குடா தொடணும்?"

கடைக்கார அண்ணன் சிரிச்சுக்கிட்டே அடுத்த சைஸை எடுத்து வெச்சார்.