ஏறும் வழியும் இறங்கும் வழியும்

கடலுக்கும் வயலுக்கும் நடுவே வளர்ந்த நிந்தவூர்ப் பிள்ளைகளாகிய எமக்கு, மலை என்பது கல்விச் சுற்றுலாவில் மட்டும் காணக் கிடைப்பது. அங்கே போனதும் உச்சி எங்கே என்று கேட்கிறோம். எந்த வழியாகப் போவது என்று கேட்பதில்லை. கற்கள் உதிரும் சரிவுகளில் முதலில் கேட்க வேண்டியது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

1344இல் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா, பாவா ஆதம் மலைக்கு இரண்டு வழிகள் இருந்ததாக எழுதியுள்ளார். ஒன்று பாவா வழி. மற்றது மாமா வழி. இங்கே மாமா என்பது அன்னை ஹவ்வா (அலை) அவர்களைக் குறிக்கும். பாவா வழி கடினமானது. இரும்புச் சங்கிலிகளைப் பிடித்தே ஏற வேண்டும். அவற்றில் ஒன்றுக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதை அடைந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவை மொழிவாராம். மாமா வழி இலகுவானது. யாத்திரிகர்கள் பாவா வழியால் ஏறி, மாமா வழியால் திரும்பினர்.

இவ்வழக்கத்தில் மலையேறுவோர் இன்றும் கைக்கொள்ளும் ஒரு பாடம் இருக்கிறது. ஏறும்போது பிடிக்க வேண்டிய கல் கண்ணெதிரே இருக்கும். அதை அசைத்துப் பார்த்துப் பாரத்தைக் கொடுக்கலாம். இறங்கும்போது கால் வைக்கும் இடம் சரியாகத் தெரியாது, உடலும் களைத்திருக்கும். ஆகவே இறங்கும் வழியை முதலில் தீர்மானித்த பின்னரே ஏறும் வழியைத் தெரிவு செய்ய வேண்டும்.

உதிர்கற்கள் குவிந்த சரிவு பெரும்பாலும் 30 முதல் 40 பாகை வரை சாய்ந்திருக்கும். அதற்கு மேல் சாய்ந்தால் கற்கள் தாமாகவே உருளும். அந்த எல்லையில் நிற்கும் குவியலைக் குலைக்க ஒரு காலடியே போதும். கடும்பாறையின் மேல் பரவிய சிறுகற்கள் இன்னும் ஆபத்தானவை. காலின் கீழ் கோலிக்குண்டுகள் போல உருளும்.

வழியைக் கண்ணால் வாசிக்கலாம். பாசியும் புல்லும் பிடித்த கற்கள் நெடுங்காலம் அசையாதவை. புதிதாக உடைந்த, நிறம் வெளிறிய கற்கள் அண்மையில் விழுந்தவை. மழைநீர் ஓடும் பள்ளம் நேர்வழி போலத் தோன்றும். மேலிருந்து விழும் கற்களும் அதே பள்ளத்தில்தான் வந்து சேரும். முகட்டை ஒட்டிய வழி சுற்றாக இருந்தாலும், தலைக்கு மேல் உதிர்வதற்கு அங்கே அதிகம் இராது. ஒருவருக்கு நேர் கீழே மற்றவர் நிற்கக் கூடாது. கல் உருண்டால் உடனே "கல்!" என்று உரத்துக் கூவ வேண்டும்.

இன்று அம்மலைக்கு நல்லதண்ணி, எரத்ன, பலாபத்தல ஆகிய இடங்களிலிருந்து பாதைகள் உள்ளன. நல்லதண்ணிப் பாதை குறுகியது, படிகள் உள்ளது. பலாபத்தலப் பாதை நீண்டது. யாத்திரைக் காலம் டிசம்பர் முதல் மே வரை. அதன் பின் தென்மேல் பருவமழை. முதன்முதலாக ஏறும் மாணவியருக்கு, யாத்திரைக் காலத்து நல்லதண்ணிப் படிகளே பொருத்தமானவை.

பிள்ளையை அனுப்பும் உம்மா, வாப்பா மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்: எந்த வழியால் இறங்குவீர்கள்? மழை வந்தால் எந்த இடத்திலிருந்து திரும்புவீர்கள்? உங்களுள் மிக மெதுவாக நடப்பவருக்கு அந்த வழி இயலுமா? மூன்றுக்கும் தெளிவான விடை உள்ள பயணத்துக்கு மனநிறைவோடு விடைகொடுக்கலாம்.